கீழ் வீட்டுக்காரி

என் வயிற்றில் இரண்டு பேர். விலாவில் உதைப்பவன் மாடி வீட்டுக்காரன். அடியில் இருப்பவள் கீழ் வீட்டுக்காரி. அவள் பெண் என்று நானும் என் கணவரும் நாங்களாகவே முடிவு செய்திருந்தோம்.

முப்பத்தேழாவது வாரம் டாக்டர் என் அடிவயிற்றில் விரல்களை வரிசையாக வைத்து அழுத்தினார். இடுப்பெலும்புக்கு மேலே ஐந்து விரலுக்கும் தலை தட்டுப்பட்டது.

"கீழ இருக்கிற குழந்தையோட தலை இன்னும் இறங்கலம்மா. தண்ணியில பந்து மிதக்கிற மாதிரி ஆடுது. அடுத்த வாரம் பார்த்துட்டு முடிவு பண்ணலாம்."

திரைக்குப் பின்னால் நின்று, வயிறு மறைத்த செருப்பைக் கால்விரலால் துழாவிக்கொண்டிருந்தேன். டாக்டர் என் கணவரிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். வெளியே வந்ததும் கேட்டேன்.

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணுமில்ல. எல்லாம் நார்மல்."

வீடு மூன்றாவது மாடி. ஐம்பத்து நான்கு படிகள். மறுநாளிலிருந்து மாமியார் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"இறங்கி ஏறு. நீ இறங்கினாத்தான் அதுவும் இறங்கும்."

"நான் இறங்கறேன் அத்தை. அவதான் அசைய மாட்டேங்கறா."

"உன் பிடிவாதம். என் பையன் எட்டாம் மாசமே தலையை இறக்கிட்டான், தெரியுமா?"

"அப்பவாவது சொன்ன பேச்சைக் கேட்டிருக்காரே."

அத்தையும் சிரித்துவிட்டார். இரண்டாவது மாடித் திருப்பத்தில் ஒரு ஜன்னல் உண்டு. அங்கே நின்று மூச்சு வாங்குவேன். வீட்டைக் காலி செய்ய மனமில்லாமல், கதவில் கை வைத்தபடி கீழ் வீட்டுக்காரி யோசித்துக்கொண்டு நிற்பதாகத் தோன்றும்.

ஐந்தாம் நாள் காலை பதினோரு மணிக்கு, அந்த ஜன்னலருகே பனிக்குடம் உடைந்தது. தண்ணீர் நான்கு படிகள் ஓடியது. கணவரின் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழும் சத்தம் கேட்டது.

"டாக்சி பிடிச்சுக் கிளம்புங்க. நான் நேரா அங்க வந்துடறேன்."

மீதிப் படிகளையும் நடந்தே இறங்கினேன். பெருமையாகக்கூட இருந்தது. பின்னாலேயே அத்தை, "நட, நட, நல்லா இறங்கட்டும்" என்றார். டாக்சியில் இருபது நிமிடம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். பாதி வழியில் தொடைகளுக்கிடையே ஏதோ மெத்தென்று நழுவியது. துணி என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரி வாசலில் உடையை விலக்கிய நர்ஸ், "தொப்புள்கொடி வெளிய வந்துடுச்சு!" என்று கத்தினாள். கையை உள்ளே கொடுத்துத் தலையை மேலே தள்ளியபடி என் ஸ்ட்ரெச்சரிலேயே ஏறிக்கொண்டாள். ஆபரேஷன் மேசை வரை அவள் கையை எடுக்கவில்லை.

மாடி வீட்டுக்காரன் பிழைத்தான். கீழ் வீட்டுக்காரி, நாங்கள் நினைத்தபடியே, பெண்தான்.

மறுநாள் டாக்டர் தனியாக வந்து கட்டிலருகே உட்கார்ந்தார்.

"தலை மேலயே நிக்கறப்ப பனிக்குடம் உடைஞ்சா, முன்னாடி கொடி நழுவி வந்துடும். தலை அதை நசுக்கிடும். அதனால ஒரு அடிகூட நடக்கக் கூடாது, இடுப்பைத் தூக்கி வெச்சு, படுத்தபடியே ஆம்புலன்ஸ்ல வரணும்னு உங்க வீட்டுக்காரர்கிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. 'நானே பக்குவமா சொல்லிக்கறேன், அவ பயந்துடுவா'ன்னார். சொல்லலையா?"

வயிறு என்னுடையது. திரைக்கு இந்தப் பக்கம் நான்கு அடி தள்ளித்தான் நின்றேன். ஏன் என்னிடமே நேராகச் சொல்லவில்லை என்று டாக்டரிடமும் கேட்டிருக்கலாம்.

"சொன்னார் டாக்டர். நான்தான் மறந்துட்டேன்."

இந்தப் பழியை யாரோடும் பங்கிட்டுக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.

டாக்டர் போனதும் கணவர் பிளாஸ்கோடு வந்தார். கதவைச் சாத்திவிட்டு அங்கேயே நின்றார்.

"டாக்டர் என்ன சொன்னாங்க?"

பிளாஸ்க் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒண்ணுமில்ல. எல்லாம் நார்மல்."

அடக்கிவைத்திருந்த மூச்சை அவர் மெதுவாக வெளியே விட்டார். பிறகுதான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பாலை ஊற்றி என் கையில் கொடுத்தார்.

"சூடா இருக்கு. பார்த்துக் குடி."