தளும்பாத பீப்பாய்

எந்தப் பெண்டாட்டியும் செய்யத் துணியாத காரியத்தை நான் செய்தேன். கட்டட வேலை நடக்கும் இடத்தில், அத்தனை பேர் காதிலும் விழும்படி, வாக்கி-டாக்கி ரேடியோவில் என் புருஷனைப் பார்த்து "நிறுத்துங்க!" என்று கத்தினேன்.

அவர் கோபுர கிரேன் ஓட்டுகிறார். உச்சிக் கூண்டிலிருந்து பார்த்தால் சுமை எங்கே இறங்குகிறது என்று பாதி நேரம் தெரியாது. கீழே நின்று ஏற்றவும் இறக்கவும் சொல்லும் சிக்னல்காரி நான். அன்றைக்கு "மெதுவா" என்று சொன்ன பிறகும் கம்பிக்கட்டு அதே வேகத்தில் இறங்கியது. கீழே ஆட்கள். கத்தாமல் கொஞ்சவா முடியும்? கட்டு அந்தரத்தில் ஆடி நின்றது. மேலே மனுஷன் கண்ணயர்ந்திருக்கிறார்!

சூப்பர்வைசர் கொதித்துப் போனார். "அடுத்த மாசம் ரெண்டு கட்டடத்துக்கும் நடுவுல இரும்புப் பாலம் ஏத்தணும். அதுவரைக்கும் இவர் கூண்டுப் பக்கமே வரக் கூடாது. அன்னிக்குக் காலையில சோதனை வைப்பேன். தேறலன்னா வேற ஆள்தான்."

அந்த இருக்கை போனால் அவர் பாதி ஆளாகிவிடுவார். எனக்குத் தெரியாதா?

வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். "ராத்திரியெல்லாம் ஏன் புரண்டுக்கிட்டே இருக்கீங்க?"

"படுத்தா நெஞ்சு எரியுது. புளிச்ச தண்ணி தொண்டைக்கு வருது."

"இத சொல்லாம இத்தன நாளா அடைகாத்தீங்களா?"

மறுநாளே ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன். டாக்டரம்மா சாப்பாட்டைப் பற்றிக் கேட்டபோது இவர் மென்று விழுங்கினார். நான் போட்டு உடைத்தேன். கூண்டில் கழிப்பறை கிடையாது. இறங்கி ஏற உயிர் போகும். அதனால் கிரேன்காரர்கள் பகலெல்லாம் வயிற்றைக் காயப்போடுவார்கள். இவர் காலையில் வெறும் வயிற்றில் கடுங்காப்பியோடு ஏறுவார். சாயங்காலம் இறங்கி மூன்று வேளைச் சாப்பாட்டையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டு, கட்டிலில் விழுவார்.

டாக்டரம்மா சிரித்தேவிட்டார். "வயித்த நிரப்பிட்டு உடனே படுத்தா ஆசிட் மேல வராம என்ன செய்யும்? அது தூக்கத்தக் கெடுக்குது. தூக்கம் கெட்டா உடம்புக்கு அந்த எரிச்சல் இன்னும் பெருசாத் தெரியும். ரெண்டும் கூட்டுச் சேர்ந்துடுச்சு."

மாத்திரை எழுதினார். பகலில் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும், ராத்திரிச் சாப்பாடு சீக்கிரமாகவும் குறைவாகவும் இருக்க வேண்டும், உடனே படுக்கக் கூடாது, இடது பக்கம் திரும்பிப் படுப்பது நல்லது என்றார். தலையணையை அடுக்கினால் வயிறுதான் மடங்குமாம். கட்டிலின் தலைமாட்டையே உயர்த்தச் சொன்னார்.

கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கடியில் மரக்கட்டைகளை நானே கொடுத்தேன். அவர் முகம் சுளித்தார். "சறுக்கி வாசல் வரைக்கும் போயிடுவேன்டி."

"போங்க. அப்படியே வேலைக்குப் போயிடலாம்."

முதல் சில நாட்கள் எங்கள் சண்டையில் வீடு இரண்டுபட்டது. சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் கூண்டுப் புலி போல உலாத்துவார்; கட்டிலைப் பார்த்தால் நான் முறைப்பேன். பிறகு ஒரு காலையில் அலாரம் அடித்து ஓய்ந்தும் அவர் அசையவில்லை. பதறிப்போய் மூக்கருகே விரல் வைத்தேன். மெல்லிய குறட்டை! அப்படியே உட்கார்ந்து அழுதேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

அடுத்து சூப்பர்வைசரிடம் போனேன். மேலே இருப்பவர்கள் சாப்பிட்டுக்கொள்ளவும், மத்தியானம் ஒரு தடவை இறங்கி ஏறவும் நேரம் கேட்டேன். "வேலை கெடும்மா" என்றார். "தூங்கி வழிஞ்சா கெடாதா?" என்றேன். சரியென்று தலையாட்டினார்.

சோதனை நாளில் சூப்பர்வைசர் சொன்ன அந்த வேற ஆளும் வந்து தயாராக நின்றிருந்தார். கட்டடத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பீப்பாயில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, இந்தப் பக்கம் தன் காலடியில் சுண்ணாம்பால் வட்டம் போட்டார் சூப்பர்வைசர். "இதுக்குள்ள வைக்கணும். தண்ணி சிந்தக் கூடாது."

இவர் கூண்டேறிப் பீப்பாயைத் தூக்கினார். "மெதுவா" என்றேன். அந்த நொடியே வேகம் குறைந்தது. பீப்பாய் கட்டடத்தைச் சுற்றி வந்து, வட்டத்துக்குள் பூப்போல உட்கார்ந்தது. சூப்பர்வைசர் குனிந்து தரையைத் தடவிப் பார்த்தார். காய்ந்து கிடந்தது.

"பாலத்தத் தூக்கச் சொல்லும்மா" என்றார்.

இவர் தூக்கினார். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே அந்த இரும்பு இறங்கியபோது எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். இரண்டு முனையிலும் போல்ட் துளைகள் நேருக்கு நேர் பொருந்தின. ஒரே விசில், ஒரே கைதட்டல்!

"யாருப்பா மேல?" என்று ரேடியோவில் யாரோ கேட்டார்கள்.

பொத்தானை அழுத்தி, எல்லோர் காதிலும் விழும்படி கத்தினேன்.

"என் புருஷன்யா!"