சத்தம் வராத இடம்

ஹெட்ஃபோனைக் கழற்றிய பிறகுதான், அண்ணன் கதவருகே நின்று தன்னிடம் என்னவோ பேசிக்கொண்டிருக்கிறான் என்பது சின்னவளுக்குத் தெரிந்தது.

"...ஆக, வண்டி நாலு மணிக்கு வந்துரும். காதுல விழுந்துச்சா?"

"விழலை. திரும்பச் சொல்லு."

"சுத்தம். அப்படியே அப்பா. கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்துட்டா கூரை இடிஞ்சு விழுந்தாலும் தெரியாது." அண்ணன் உள்ளே வந்து கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தான். சவரம் செய்யாத முகம். வெளியூரில் இருந்து வந்து இறங்கியதில் இருந்து ஓடிக்கொண்டே இருக்கிறான். "கூடம், நாற்காலி, பூ, வண்டி, எல்லாத்தையும் நான் பார்த்துக்கிட்டேன். உனக்கு இருக்கிறது இந்த ஒரு வேலை. முடிஞ்சுதா இல்லையா?"

"இன்னும் கொஞ்சம்."

"காலையில இருந்து இதே கொஞ்சம்தான்."

திரையில் அப்பாவின் மெட்டு சின்னச் சின்னக் கோடுகளாக ஏறி இறங்கிக் கிடந்தது.

அந்த ஒரு வேலை அப்பாவே வைத்துவிட்டுப் போனது. அக்கம்பக்கத்தில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர் அவர், எல்லாருக்கும் 'மாஸ்டர்'. நுரையீரல் மக்கர் பண்ண ஆரம்பித்து, இனிமேல் ஸ்டியரிங் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொன்னதும், பயிற்சிக் காரை விற்றுவிட்டு ஒரு கம்ப்யூட்டரும் மேசையை அடைக்கிற மியூசிக் கீபோர்டும் வாங்கி வந்தார். மூக்கில் ஆக்சிஜன் குழாய் ஏறிய பிறகும் தினமும் மத்தியானம் அதன் முன்னால் உட்கார்ந்தார். போன வாரம் சின்னவளைக் கூப்பிட்டு, கடைக்குப் போகிறவளிடம் சாமான் சொல்கிற மாதிரிச் சொன்னார்:

"பாரு, என்னைத் தூக்குறதுக்கு முன்னாடி யாரும் எழுந்து நின்னு பேசக் கூடாது. ஒருத்தன் நல்லவர்னு ஆரம்பிப்பான், அடுத்தவன் அதையே இழுப்பான், கேக்கிறவனுக்குக் கொட்டாவி வரும். என் மெட்டைப் போடு, போதும். எங்கயாவது சொதப்பியிருந்தா சரி பண்ணிக்க. நீதான் கிளாஸுக்குப் போறியே."

முந்தாநாள் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

கிளாஸுக்குப் போகிறாள் என்பது உண்மைதான். பகலில் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. சாயங்காலம், வீட்டிலேயே இசைப் பதிவு செய்வது எப்படி என்று கற்றுக்கொடுக்கும் வகுப்பு. ஆனால் அங்கே தெரிந்த பதிலுக்குக்கூடக் கை தூக்காதவள் அவள். பக்கத்து நாற்காலிக்காரர் அதே பதிலைச் சொல்லிப் பாராட்டு வாங்கிய பிறகு, 'நானும் அதைத்தான் நினைச்சேன்' என்று உள்ளுக்குள் சொல்லிக்கொள்பவள். அவளிடம் போய் 'சரி பண்ணிக்க' என்று சொல்லிவிட்டு அப்பா நிம்மதியாகப் படுத்துவிட்டார்.

சொதப்பல் எங்கே என்று கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. மெட்டு அழகாகத்தான் ஆரம்பிக்கிறது. வயலின் நிதானமாக இழுத்துக்கொண்டு போகிறது. திடீரென்று வில்லைக் கீழே போட்டுவிட்டு, டொக் டொக் டொக் என்று கோழி தானியம் கொத்துகிற மாதிரித் தந்தியைச் சுண்டுகிறது. கொஞ்ச நேரம் கழித்து, ஒன்றுமே நடக்காதது போல மறுபடி இழுக்கிறது. போகப் போகக் கொத்தல் அதிகமாகிறது. முடிவுக்குப் பக்கத்தில் பார்த்தால் கோழிப் பண்ணையேதான்.

காரணமும் அவளுக்குத் தெரியும். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் இந்த வயலினில் ஓர் ஏற்பாடு உண்டு. கீபோர்டின் இடது கோடியில் இருக்கிற சில கட்டைகளை அழுத்தினால் சத்தமே வராது. அவை வயலினுக்கு உத்தரவு போடும் கட்டைகள். அங்கே கை இருக்கிறவரை வயலின் சுண்டும். கையை எடுத்தால் இழுக்கும். இதை அப்பாவுக்கு அவள் விளக்கியிருந்தாள். அவரும் தலையை ஆட்டினார், வகுப்பில் கண்ணைத் திறந்துகொண்டு தூங்குகிறவர்கள் ஆட்டுகிற மாதிரி. இப்போது திரையின் அடியில், மெட்டுக்குச் சம்பந்தமில்லாமல் தனியாகக் கிடந்த கோடுகள் எல்லாம் அவர் அங்கே கை வைத்ததற்கு அடையாளம்.

அஞ்சலிக் கூடத்தில் அத்தனை பேர் முன்னால், கடைசித் தடவையாக, அப்பாவைப் பார்த்து யாரும் சிரித்துவிடக் கூடாது. அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

இதில் இன்னொரு வருத்தமும் இருந்தது. இந்த வயலினை அவள் சிபாரிசு செய்யவே இல்லை.

கம்ப்யூட்டர் வந்த புதிதில், அதற்குள் இருந்த வாத்தியங்களை எல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டு, மதிப்பெண் போட்டு, வரிசைப்படுத்தி வைத்துவிட்டு, ஒரு விடுமுறை நாளில் அப்பாவை உட்கார வைத்தாள். "ஆரம்பத்துல ஒரே ஒரு சத்தம் போதும்ப்பா. அதை நல்லாப் பழகிக்கிட்டு அப்புறம் மத்ததுக்குப் போகலாம்" என்று வகுப்பில் கேட்டதைச் சொன்னாள்.

முதலில் பியானோ. அப்பா மெட்டு எதையும் வாசிக்கவில்லை. இடது உள்ளங்கையைக் கீபோர்டின் கோடியில் மொத்தமாக வைத்து ஓர் அமுக்கு அமுக்கினார். மாடியில் யாரோ தகர டிரம்மை உருட்டியது போல அறை அதிர்ந்தது.

"வேணாம். இது சத்தம் போடுது."

"சத்தம் போடத்தானேப்பா வாங்கினோம்?"

"நான் போடச் சொல்ற இடத்துல போடட்டும். அடுத்தது."

அடுத்தது புல்லாங்குழல். அதற்கும் அதே கை, அதே அமுக்கு. துறைமுகத்தில் கப்பல் கிளம்புகிற சத்தம் வந்தது.

"புல்லாங்குழலுக்கு என்னம்மா இவ்வளவு கோபம்?"

பல வயலின்கள் சேர்ந்து வாசிக்கும் கூட்டம்தான் அவள் போட்ட மதிப்பெண்ணில் முதலாவது. வகுப்பு ஆசிரியர்கூட அதை மெச்சியிருந்தார். அப்பா கையை வைத்தார்.

"ஒரு கல்யாண வீடே குறட்டை விடுது."

"அப்பா, அந்த ஓரத்துல யாருமே வாசிக்க மாட்டாங்க. நடுவுல வாசிச்சுப் பாருங்களேன். செருப்புக் கடைக்குப் போய் செருப்பை மாட்டிப் பாக்காம, வெறும் வாரை இழுத்துப் பாக்கிற மாதிரி இருக்கு."

"நான் என் அளவுக்குத்தான் பாக்கிறேன், இன்ஸ்பெக்டர்." பூட்டிய கதவை மூன்று தடவை இழுத்துப் பார்க்கிறவள் என்பதால் அவளுக்கு வீட்டில் அந்தப் பட்டம்.

மிச்சம் இருந்தது இந்த ஒற்றை வயலின். அவள் போட்ட மதிப்பெண்ணில் கடைசி. ஜலதோஷம் பிடித்த கொசு மாதிரி இருந்தது அவள் காதுக்கு. அப்பா இடது கையை ஓரத்தில் வைத்தார். சத்தம் இல்லை. இன்னும் கொஞ்சம் அமுக்கினார். அப்போதும் இல்லை. அப்படியே கையை எடுக்காமல், வலது கையால் நடுவில் நாலு சுரம் வாசித்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"இதுதான். இதுல வசதியா இருக்கு."

வயலினில் என்ன வசதி என்று அவள் கேட்கவில்லை. வகுப்பில் கற்றுக்கொண்டது ஒன்றும் வீட்டில் செல்லுபடியாகவில்லை என்ற கடுப்பில் எழுந்துபோய்த் துணி மடித்தாள்.

"கோழி இன்னும் கொத்துதா?" என்றான் அண்ணன் இப்போது.

"எடுத்துடலாம். ஒரு நிமிஷம்."

அடியில் கிடந்த கோடுகளை மொத்தமாக வளைத்துப் பிடித்து, ஒரு பொத்தானைத் தட்டினாள். எல்லாம் போய்விட்டது. ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டார்கள். முதலில் இருந்து முடிவு வரை வில் கீழே இறங்கவே இல்லை. கொசுவுக்கு ஜலதோஷம் விட்டுப்போனது போல இருந்தது.

"அப்பாடா," என்று அண்ணன் எழுந்தான். "இப்பத்தான் ஒரு மனுஷன் வாசிச்ச மாதிரி இருக்கு. இதையே ஏத்திக்க. நான் போய்க் குளிக்கிறேன்."

அவளுக்கும் திருப்திதான். இன்னொரு தடவை போட்டாள். இதை வகுப்பில் போட்டுக் காட்டினால் ஆசிரியர் குறை சொல்ல இடமே இருக்காது. பாதி ஓடிக்கொண்டிருக்கும்போது, தேய்த்த சட்டை ஒன்றைக் கையில் ஏந்திக்கொண்டு அம்மா வந்தாள்.

"இதை மாத்திக்க. யாரு வாசிக்கிறது?"

"அப்பாதாம்மா."

அம்மா தலையைச் சாய்த்து இன்னும் கொஞ்சம் கேட்டாள். "இல்லையே, இது வேற யாரோ. நடுவுல டொக்கு டொக்குன்னு வருமே."

"அது தப்பும்மா. தெரியாம இடது கை பட்டிருக்கு. எடுத்துட்டேன்."

"தெரியாமலா?" அம்மா சட்டையைக் கட்டிலில் விரித்து, காலரைத் தடவி நேராக்கினாள். "மூச்சு வாங்கினா எங்கயாவது கையை ஊன்றிக்கணும் அவருக்கு. மேசையில ஏது இடம், அதான் முழுசும் அடைச்சு வெச்சிருக்கீங்களே. அந்த ஓரத்துல ஊன்றிக்கிட்டு முன்னால சாய்ஞ்சுக்குவார். அங்க கை வெச்சா சத்தம் வராதாம். அதுக்காகத்தானே இதைப் பிடிச்சார்."

சின்னவள் ஸ்பீக்கரின் சத்தத்தைக் குறைத்தாள்.

"நான் சமையல்கட்டுல இருப்பேனா? டொக்கு டொக்குன்னு கேட்டா தண்ணி எடுத்துட்டு வந்துருவேன். கூப்பிடவே வேணாம். ரெண்டு வாய் குடிச்சுட்டு, 'பாத்தியா, எனக்கு மூச்சு வாங்கினா இதுக்கு ஆட்டம் வந்துருது'ன்னு சிரிப்பார். நிறுத்துவாரான்னா அதுவும் இல்ல. ஒரு கையில சாய்ஞ்சுக்கிட்டே இன்னொரு கையால வாசிச்சுக்கிட்டு இருப்பார்."

"எங்கிட்ட சொல்லவே இல்லையேம்மா."

"உங்கிட்டயா? சொன்னா நீ மேசையை மாத்துவ, நாற்காலியை மாத்துவ, டாக்டருக்குப் போன் போடுவ. அப்புறம் அவர் வாசிச்ச மாதிரிதான்." அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. "சீக்கிரம் மாத்திக்கிட்டு வா. அதுல ஒரு பொத்தான் ஆடிக்கிட்டு இருந்துச்சு, தைச்சுட்டேன்."

அம்மா போன பிறகும் அவள் சட்டையை எடுக்கவில்லை. அழித்ததைத் திரும்ப வரவழைத்தாள். கோடுகள் இருந்த இடத்திலேயே வந்து உட்கார்ந்தன. இந்தத் தடவை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனாள். முதலில் ஒன்று, சின்னதாக. ரொம்பத் தூரம் கழித்து இன்னொன்று. நடுவில் அடிக்கடி. முடிவுக்குப் பக்கத்தில் இடைவெளியே குறைந்து, கடைசியில் ஒரே நீளக் கோடு. அதற்கு மேலே மெட்டு மட்டும் ஒரு சுரம் பிசகாமல் போய்க்கொண்டிருந்தது.

அவள் இடது கையைக் கீபோர்டின் ஓரத்தில் வைத்து, உடம்பைக் கொஞ்சம் முன்னால் கொடுத்துப் பார்த்தாள். கட்டைகள் சத்தமில்லாமல் இறங்கித் தாங்கின.

பிறகு சட்டையை மாற்றிக்கொண்டாள்.

கூடம் நிறைந்துவிட்டது. பூக்களுக்கு நடுவே நீளப் பெட்டியில் அப்பா. எதிரே வரிசை வரிசையாக அவரிடம் கிளட்சும் பிரேக்கும் கற்றவர்கள். முன்வரிசையில் அம்மாவுக்குப் பக்கத்தில் பேக்கரிக்காரி உட்கார்ந்திருந்தாள். அப்பாவின் மாணவர்களில் லைசன்ஸ் வாங்க அவளைவிட அதிகக் காலம் எடுத்துக்கொண்டவர் யாரும் இல்லை.

"மாஸ்டரம்மா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். மாஸ்டருக்கு முதமுதல்ல மூச்சு வாங்கினதே நான் ரிவர்ஸ் எடுக்கிறப்பதான்னு கடையில எல்லாரும் கிண்டல் பண்றாங்க."

"இருக்கும், இருக்கும். உன்கூட வந்துட்டுப் போன அன்னிக்கெல்லாம் ராத்திரி தூக்கத்துல பிரேக் மிதிப்பார்."

இருவரும் கையால் வாயை மூடிக்கொண்டார்கள். பேக்கரிக்காரி தான் கொண்டுவந்திருந்த தண்ணீர் பாட்டில்களில் ஒன்றை அம்மாவின் மடியில் வைத்துவிட்டு, மற்றவற்றைப் பின்னால் கொடுத்தனுப்பினாள்.

அண்ணன் ஸ்பீக்கர் பக்கத்தில் இருந்த சின்னவளிடம் வந்து குனிந்தான். "சுத்தம் பண்ணினதைத்தானே வெச்சிருக்க?"

"அப்பா வாசிச்சதை வெச்சிருக்கேன்."

எந்த வாக்கியத்துக்கும் பின்னால் 'நினைக்கிறேன்' என்று சேர்க்கிற பழக்கம் அவளுக்கு உண்டு. இதற்குச் சேர்க்கவில்லை. அண்ணன் மேற்கொண்டு கேட்பதற்குள் தட்டிவிட்டாள்.

வயலின் இழுக்க ஆரம்பித்தது. கூடம் அடங்கியது. ஒற்றை வயலின் அவ்வளவு பெரிய இடத்தில் இன்னும் மெலிசாகக் கேட்டது. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பிறகு, எதிர்பாராத இடத்தில், டொக், டொக், டொக்.

அம்மா நாற்காலியில் இருந்து பாதி எழுந்துவிட்டாள்.

"என்ன வேணும், மாஸ்டரம்மா?"

"ஒண்ணும் இல்ல," என்று அம்மா உட்கார்ந்தாள்.

பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். சின்னவளின் காது சூடானது. அண்ணன் அவளைத் திரும்பிப் பார்த்த பார்வைக்கு வீட்டுக்குப் போய்ப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஆனால் சிரித்தவர் தலையை ஆட்டி ரசித்துக்கொண்டிருந்தார். வயலின் மறுபடி இழுத்து, மறுபடி சுண்டியபோது, அந்த வரிசை முழுக்க அதற்காகக் காத்திருந்ததுபோல் அசைந்தது. போகப் போக வில் குறைந்து, சுண்டுவது கூடியது. மெட்டு துள்ளிக் குதித்துக்கொண்டு போனது. ஒருவர் விரலால் நாற்காலிக் கையைத் தட்டினார். இன்னொருவர் காலால் தரையை. முறைத்துக்கொண்டிருந்த அண்ணனின் ஷூ முனைகூடத் தாளம் போட ஆரம்பித்திருந்தது.

"மாஸ்டருக்கு முடிவுல வர வர குஷிதான் பாருங்க," என்றாள் பேக்கரிக்காரி, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"ஆமா," என்றாள் அம்மா.

இடைவெளி இல்லாத கடைசிப் பகுதி வந்தது. கூடம் முழுக்கக் கைதட்டலும் தாளமுமாக இருந்தது. அம்மாவும் தாளத்துக்கு லேசாகத் தலையசைத்துக்கொண்டு, மடியில் இருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்தாள். குடிக்கவில்லை. கொஞ்ச நேரம் அதைத் திறந்தபடியே கையில் வைத்திருந்தாள். மெட்டு நின்றதும் மெதுவாக மூடியைத் திருகினாள்.