பாக்கு வைத்த கச்சேரி

கலைவாணனுக்குச் சர்க்கரை கிடையாது, ரத்தக் கொதிப்பு கிடையாது. ஐம்பது வயதிலும் மாடிப்படியை இரண்டிரண்டாய்த் தாண்டி ஏறுவார். அவருக்கு இருந்தது ஒரே ஒரு வியாதி. அதற்குப் பெயர் அம்பலவாணன்.

அம்பலவாணன் வேறு யாருமில்லை, சொந்தச் சகலைதான். குஞ்சம்மாளை இவர் கட்டிச் சில வருஷம் கழித்து, அவள் தங்கை சொர்ணாம்பாளை அவன் கட்டினான். கலைவாணன் அரசு அலுவலகத்தில் தலைமை எழுத்தர். கோட்டுச்சேரியில் மாடி வீடு, நெல் விளைகிற நிலம், எல்லாம் உண்டு. அம்பலவாணனிடம் என்ன இருந்தது? ஒரு மைக் செட், ஒரு ஓட்டை வேன், அதில் அடைத்துக்கொண்டு போகிற மெல்லிசைக் குழு. ஆனால் மாமனார் வீட்டுக்கு மூத்த மாப்பிள்ளை வந்தால் நாற்காலி போடுவார்கள். இளைய மாப்பிள்ளை வந்தால் முகமெல்லாம் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு கிடைக்குமென்றால் நாற்காலியைத் தூக்கிக் குளத்தில் போடலாம் என்று தோன்றும் கலைவாணனுக்கு.

அவனிடம் இல்லாதது இவரிடம் ஒன்று இருந்தது. காரைக்காலில் நடக்கிற கடலோர இசைப் பெருவிழாவின் செயலாளர் பதவி. பங்குனியில் மூன்று நாள், சென்னையிலிருந்து பெரிய பெரிய பாடகர்கள், டிக்கெட் கச்சேரி. முதல் வருஷம் ஜனம் மதில்மேல் ஏறி நின்று கேட்டது. அதுவரை முகம் கொடுத்துப் பேசாத மேலதிகாரிகூட ஒரு பாஸுக்காக, "கலைவாணன் சார்" என்று குழைந்தார். அப்புறம் யார் கண் பட்டதோ, வருஷத்துக்கு வருஷம் கூட்டம் தேய்ந்தது. டிவியைத் திறந்தால் போட்டி போட்டுக்கொண்டு பாடுகிறார்கள். காசு கொடுத்துக் கொசுக்கடியில் எவன் உட்காருவான்?

போதாக்குறைக்கு டிக்கெட் கம்ப்யூட்டருக்குப் போனது. இது கலைவாணன் யோசனைதான். முன்பெல்லாம் பெட்டிக்கடையில் காசை நீட்டினால் சீட்டைக் கிழித்துக் கொடுப்பார்கள். இப்போது சென்னைக் கம்பெனி ஒன்றுக்குப் போன் போட்டுப் பெயர் பதிய வேண்டும். அவர்கள் ஒரு நம்பர் சொல்வார்கள். நம்பரை ரேஷன் கார்டு நகலோடு கவுன்டரில் காட்டினால் கூப்பன். கூப்பனை மைதானத்து வாசலில் காட்டினால் டிக்கெட். டிக்கெட்டைக் காட்டினால் மணிக்கட்டில் ஒரு காகிதப் பட்டை. இத்தனைக்கும் பிறகு ஒரே நாற்காலியை அந்த மிஷின் இரண்டு குடும்பத்துக்குக் கொடுத்திருக்கும். போன வருஷம் நிரவிக்காரர் ஒருவர் கூப்பனை மாற்றி உள்ளே வருவதற்குள் மங்களம் பாடிவிட்டார்கள். "கல்யாணத்த ரிஜிஸ்டர் பண்ணக்கூட இவ்ளோ அலயலயேய்யா!" என்று அவர் வாசலில் நின்று கத்தியது கச்சேரியைவிட நன்றாக இருந்தது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

இந்த வருஷம் விழாக் குழுத் தலைவர், ஜவுளிக்கடை பீர் மைதீன், கலைவாணனைக் கடைக்கே கூப்பிட்டு விட்டார்.

"கடைசி நாளாவது மைதானம் நெறையணும் கலைவாணன். நெறையலேன்னா வர்ற வருஷம் பொறுப்ப உங்க சகலைகிட்ட குடுத்துப் பாப்போம். அவரு எங்க பாடுனாலும் கூட்டம் சேருதுல்ல?"

அன்று கலைவாணனுக்குச் சோறு இறங்கவில்லை. ஊரில் எவனிடம் வேண்டுமானாலும் கொடுக்கட்டுமே, அவனிடமா கொடுக்க வேண்டும்?

கூட்டம் சேர்வது பொய்யில்லை. அதற்கு முந்தின மாதம், மாசி மகத்துக்குத் திருவேட்டக்குடியில் அம்பலவாணன் கச்சேரி. கலைவாணனும் போயிருந்தார், பாட்டுக் கேட்க அல்ல, கூட்டத்தை எடைபோட. மீனவர் ஊர் முழுக்க மணலில் உட்கார்ந்திருந்தது. எள் போட்டால் எள் விழாது. அவன் சுருதி விலகிப் பாடினான், இவர் காதுக்கு அது நன்றாகவே தெரிந்தது. வேறு ஒருவருக்கும் தெரியவில்லையே என்பதுதான் வயிற்றெரிச்சல்.

"அப்புடி என்னத்தடி செய்யிறான் உன் தங்கச்சி புருஷன்?" என்று குஞ்சம்மாளிடம் கேட்டார்.

"என்னத்த செய்யிறாரு? பாக்கு வச்சாரு. தட்டுல வெத்தல பாக்கு வச்சு ஊர்ப் பஞ்சாயத்தாரக் கூப்புட்டாராம். பாக்க எடுத்துட்டா ஊரே வந்துருமாம், சொர்ணம் சொன்னா."

அட, இவ்வளவுதானா சங்கதி!

நெல் விளைகிற ஊர்களில் பாக்கு வைப்பது ஒரு மரியாதை. வந்தால் சந்தோஷம், வராவிட்டால் வயலில் வேலை என்று விட்டுவிடுவார்கள். கடலோரத்தில் அப்படி இல்லை. அங்கே பஞ்சாயத்தார் பாக்கை எடுத்துவிட்டால் அது ஊர்க்கட்டு. அன்றைக்கு யாரும் கடலுக்குப் போகக் கூடாது. அழைத்த இடத்துக்குச் சீர்வரிசைத் தட்டோடு போக வேண்டும். இது கலைவாணனுக்குத் தெரியாது.

"எதுக்கும் தம்பிகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுப் போங்களேன்" என்றாள் குஞ்சம்மாள்.

"அவன்ட்டயா? நானா?" என்று வேட்டியை உதறிக் கட்டினார்.

வீட்டிலிருந்த பித்தளைத் தாம்பாளங்களில் பெரியதை எடுத்துக் குஞ்சம்மாள் வெற்றிலை அடுக்கிக் கொடுத்தாள். திருவேட்டக்குடியில் ஊர்த்தலைவர் பஞ்சநாதனும் பஞ்சாயத்தாரும் கோயில் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். பஞ்சநாதன் தட்டை ஒரு முறை பார்த்தார், ஆளை ஒரு முறை பார்த்தார்.

"அம்பலவாணன் தம்பி வந்தப்பகூட இம்மாம் பெரிய தட்டு கொண்டாரலீங்க" என்றார்.

அவ்வளவுதான். கலைவாணனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. டிக்கெட் விஷயத்தை எப்படி எடுப்பது என்று வழியெல்லாம் மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்திருந்தார். சலுகை விலை, ஊருக்கென்று தனி கவுன்டர், எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. அந்த ஒரு பேச்சில் அத்தனையும் கரைந்து போயிற்று. இம்மாம் பெரிய தட்டு வைத்தவன் வாயிலிருந்து காசுப் பேச்சு வரலாமா?

"மொத்த ஊருமா வரணுங்களா?"

"ஒரு ஆள் பாக்கி இல்லாம வரணும்!"

பஞ்சநாதன் பாக்கை எடுத்து மடியில் முடிந்துகொண்டார். டிக்கெட்டைப் பற்றி அப்புறம் ஆள் விட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று கலைவாணன் நினைத்தார். நாளைக்கு, நாளைக்கு என்று அது தள்ளிப் போயிற்று. சொன்னால் வராமல் இருந்துவிடுவார்களோ, வராவிட்டால் சகலைக்கல்லவா பதவி போகும்? வாசல் வரைக்கும் வந்துவிட்டவர்கள் டிக்கெட் வாங்காமலா போவார்கள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

விழாவின் முதல் இரண்டு நாளும் ஈ ஓட்டினார்கள். மூன்றாம் நாள் சாயங்காலம் வழக்கம்போல வாசலில் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. கூப்பனும் கையுமாய் ஒரு வரிசை நின்றது. அதில் அம்பலவாணனும் சொர்ணாம்பாளும். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இவரே பாஸ் கொடுத்திருப்பார். கேட்கவில்லை, காசு கொடுத்து வாங்கியிருக்கிறான், திமிர்.

"அத்தான், சொர்ணாம்பாள்னு ஒரு பேரே கெடயாதுங்குது உங்க மிஷினு" என்று அவள் சிரித்தாள்.

"முறைன்னு ஒண்ணு இருக்குல்லம்மா. நில்லுங்க, வரும்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார் கலைவாணன். நிற்கட்டும், கால் வலிக்க நிற்கட்டும். வெகு நாளைக்கப்புறம் அவர் மனதுக்கு இதமாக இருந்தது.

அப்போதுதான் திருவேட்டக்குடி வந்து இறங்கியது. லாரிகளிலும் டிராக்டர்களிலும், கைக்குழந்தை முதல் தள்ளாத கிழவர் வரைக்கும். முன்னால் பட்டுச் சேலை கட்டிய பெண்கள் தட்டு தட்டாய் வாழைப்பழம், தேங்காய், கற்கண்டு, சால்வை ஏந்தி வந்தார்கள். குலவைச் சத்தம் பந்தலைப் பிளந்தது. சாலை தெரியவில்லை, தலைதான் தெரிந்தது. வரிசையில் நின்ற சகலையைத் திரும்பிப் பார்த்தார் கலைவாணன். 'பாத்தியாடா?' என்று கூவ வேண்டும்போல் இருந்தது.

வாசலில் நின்ற சென்னைக் கம்பெனிக்காரன் கையை நீட்டினான். "டிக்கெட், டிக்கெட்."

"என்ன டிக்கெட்டு? பாக்கு வச்சவரக் கூப்புடுங்க தம்பி" என்றார் பஞ்சநாதன்.

கலைவாணன் முன்னால் வந்தார். "வாங்க, வாங்க! அந்தா, அந்தக் கவுன்டர்ல போய்... உங்களுக்கெல்லாம் சலுகை வெலதான்..."

பஞ்சநாதன் முதலில் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றது.

"பாக்கு வச்சுக் கூப்புட்டுட்டு வாசல்ல காசு கேக்குறீங்களா? இன்னக்கி எங்க ஊருல ஒரு போட்டு தண்ணியில எறங்கல சார். உங்க பாக்குக்காகத்தான் ஊரே தொழில நிறுத்திட்டு வந்து நிக்கிது."

பீர் மைதீன் உள்ளிருந்து ஓடி வந்தார். "உள்ள நாற்காலி பூராக் காத்து வாங்குது. தொறந்து விடுங்க கலைவாணன்!"

"அப்ப காசு குடுத்த நாங்க கேணையா?" என்று கூப்பன் வரிசையிலிருந்து ஒரு குரல் கிளம்பியது.

அம்பலவாணன் வரிசையை விட்டு இவர் பக்கத்தில் வந்தான். மெதுவாகத்தான் சொன்னான். "அண்ணே, நீங்க தட்ட வாங்கிக்கிட்டு அவங்கள உள்ள அழச்சிட்டுப் போங்க. காசு குடுத்தவங்கள்ட்ட நான் பேசிக்கிறேன். மேடையில நாலு பாட்டு கூடுதலாப் பாடச் சொன்னா சமாதானம் ஆயிருவாங்க."

நல்ல யோசனைதான். கலைவாணனுக்கே அது தெரிந்தது. ஆனால் ஊர் நாளைக்கு என்ன சொல்லும்? மைதானத்தை நிரப்பியது அம்பலவாணன் என்றல்லவா சொல்லும்? தன் மூக்கு அறுந்தாலும் எதிரிக்குச் சகுனத்தடை ஆக வேண்டும் என்பார்களே, அந்த மாதிரி ஒரு வெறி அவர் தலைக்கு ஏறியது.

"டிக்கெட் இருக்குறவங்க உள்ள வரலாம். இல்லாதவங்க வழிய விடுங்க" என்றார்.

குலவை நின்றது.

"எடுத்த வரிசை திரும்பி ஊருக்குள்ள போகக் கூடாதுங்க" என்ற பஞ்சநாதன், அம்பலவாணனைப் பார்த்தார். "தம்பி, நீங்களாச்சும் வாங்கிக்கிடுங்க."

அம்பலவாணன் கைகூப்பினான். "அது எங்க அண்ணனுக்கு வந்த வரிசை. நான் தொட மாட்டேங்க."

படுபாவி, வேண்டாம் என்று சொல்வதிலும் பேர் வாங்குகிறானே என்று பற்றி எரிந்தது கலைவாணனுக்கு.

முன்வரிசை சோபாவில் உட்கார்ந்திருந்த குஞ்சம்மாள் எப்போது எழுந்து வந்தாளோ தெரியாது. புருஷனைத் தாண்டி வெளியே போனாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் தட்டை வாங்கினாள்.

"பாக்கு வச்ச வீட்டுக்காரி நான்தான். வெத்தல அடுக்குன கை இது. மனசுல வச்சுக்காதீங்க" என்றாள்.

"நீங்க வாங்குனதே போதும் தாயி" என்றார் பஞ்சநாதன்.

அழைத்து வந்த ஜனத்தைப் பட்டினி மனதோடு அனுப்பக் கூடாது என்று அம்பலவாணன் தன் வேனைக் கடற்கரைப் பக்கம் விடச் சொல்லி, அங்கேயே மைக் போட்டுப் பாடக் கிளம்பினான். திருவேட்டக்குடி அவன் பின்னால் போயிற்று. கூப்பன் வரிசையும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அந்தப் பக்கமே போயிற்று. குஞ்சம்மாளும் தங்கையும் தட்டுகளைச் சுமந்துகொண்டு கூடவே நடந்தார்கள். கலைவாணன் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் அவள் திரும்பியிருக்க மாட்டாள்.

மைதானத்தில் சென்னைப் பாடகர் நாற்காலிகளுக்குப் பாடிக்கொண்டிருந்தார். கலைவாணன் முன்வரிசை சோபாவில் போய் உட்கார்ந்தார். பீர் மைதீன் பக்கத்தில் வந்து அமர்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"முடிஞ்சிச்சு கலைவாணன். இந்த வெவகாரத்துக்கு அப்புறம் அடுத்த வருஷம் விழான்னு ஒருத்தர்ட்டயும் போய் நிக்க முடியாது. குழுவக் கலச்சிடுவோம். உங்க சகலைகிட்ட குடுக்கலாம்னு இருந்தேன், இப்ப அதுக்கும் வழியில்ல."

"அவனுக்கும் இல்லையா?" என்று கலைவாணன் சட்டென்று நிமிர்ந்தார். உதட்டோரம் தானாக விரிந்ததை அவரால் அடக்க முடியவில்லை. பீர் மைதீன் அந்த முகத்தையே பார்த்துவிட்டு எழுந்து போனார்.

சோபாவுக்குப் பின்னால் குஞ்சம்மாள் நின்றிருந்தாள். விட்டுப்போன கைப்பையை எடுக்க வந்தவள். எவ்வளவு நேரமாய் நின்றாளோ, எல்லாம் கேட்டிருந்தாள்.

"இப்ப வயிறு குளுந்துச்சாங்க?" என்று கேட்டாள்.

அவள் கோபமாகக் கேட்டிருந்தால் அவரும் கத்தியிருப்பார். உடம்புக்கு முடியாதவரிடம் விசாரிப்பதுபோல்தான் கேட்டாள். இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். ஆனால் உண்மையாகவே குளிர்ந்திருந்தது. அதை அவளிடம் எந்த வாயால் சொல்வது என்று தெரியாமல் மேடையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். குஞ்சம்மாள் பையை எடுத்துக்கொண்டு தங்கையிடம் போனாள்.