ஒரு நேரத்தில் ஒரு பொருள்

ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பின் நடுத்திட்டில் பாலாம்பாள் நிற்கத் தொடங்கிக் கால்மணி நேரம் ஆகிவிட்டது. எதிர்ச்சாரியில் கோயில். முன்னே போகவும் இயலவில்லை, திரும்பவும் இயலவில்லை.

ஸ்ட்ரோக் வந்த நாள்முதல் அவளுக்கு ஒரு நேரத்தில் ஒரு பொருள்தான் தெரிந்தது. கண்ணில் பழுதில்லை, கவனம்தான் இரண்டைச் சேர்த்துப் பிடிக்க மறுக்கிறது என்றார் மருத்துவர். தட்டில் இட்லி தெரிந்தால் சட்னி இல்லை. மகளின் மூக்குக்கண்ணாடி தெரிந்தால் மகள் இல்லை. சிறுசேரிக்கு வேலைக்குப் போகும் அந்த மகள் ஆஷா, வெளிக்கதவைப் பூட்டிச் சாவியைக் கையோடு கொண்டுபோவாள். பாலாம்பாள் இரண்டு மாதம் கெஞ்சியபின், இன்று மட்டும் பூட்டாமல் போயிருந்தாள்; தனியாகக் கோயிலுக்குப் போய்வந்தால் சாவியைத் தந்துவிடுவதாகச் சொல்லியிருந்தாள்.

பாலாம்பாள் நம்பியது தன் வழிபாட்டு முறையை. திருவடியில் தொடங்கித் திருமுடிவரை ஒவ்வோர் அங்கமாகக் கண்டு நெஞ்சில் அடுக்குவது நாற்பதாண்டுப் பழக்கம். வீட்டுப் பூசையறையில் இப்போதும் அது பலித்தது: பாதம், இடை, மாலை, முகம், முடிவில் முழுவுருவும் உள்ளே எழுந்து நின்றது. சாலையையும் அப்படியே அடுக்கிவிடலாம் என்று புறப்பட்டாள். முதற்பாதியில் வண்டிகள் நெரிசலில் நின்றிருந்தன, வந்துவிட்டாள். இங்கே அவை ஓடின. பச்சை விளக்கைப் பிடித்தாள், பேருந்து மறைந்தது. பேருந்தைப் பிடித்தாள்; அது போய், அதனிடத்தில் ஒரு ஹெல்மெட் மட்டும் வந்தது. பூசையறையில் உருவம் கூடியது இறைவன் அசையாது நின்றருளியதால்தான் என்பது இப்போது விளங்கியது.

மீன் வாடை அருகில் வந்தது.

“இன்னாமா, செலையாட்டம் நின்னுகினு கீற? நான் கூடைய அந்தாண்ட எறக்கி வெச்சிட்டுத் திரும்பியும் வந்துட்டேன்.”

தெருவில் மீன் விற்கும் கங்கம்மா; குரலைக் கொண்டே அறிந்தாள். கண்ணில் பட்டது மூக்குத்தி ஒன்றுதான். தன் நிலையைத் தணிந்த குரலில் சொன்னாள்.

“அப்ப கண்ணு எதுக்கு? மூடிக்கோ. கோயிலுக்குப் போற கைக்கு மீன் நாத்தம் ஒத்துக்கும்னா புடிச்சுக்கோ.”

பிடித்துக்கொண்டாள். கண்ணை மூடியதும் ஹாரன், பிரேக், கங்கம்மாவின் வளையல், கோயில் மணி யாவும் ஒருங்கே கேட்டன. செவிக்கு அந்தச் சிறை இல்லை. இருபது அடி நடந்து மறுகரை ஏறினாள்.

கைப்பையில் ஃபோன் அடித்தது. ஆஷா. தனியாகத் தாண்டினாயா என்றுதான் கேட்பாள்.

“நீ தினமும் எத்தனை மணிக்கு இந்த வழியா வருவே?” என்று கங்கம்மாவைக் கேட்டாள் பாலாம்பாள்.

“எட்டுக்கு. ஞாயித்துக்கெழமன்னா ஏழுக்கே.”

பிடித்த கையை விடாமல் ஃபோனை எடுத்தாள்.

“தனியா முடியலை, ஆஷா,” என்றாள்.