தீனிப்பண்டாரம்

வீட்டில் அவளைப் ‘பிடிவாதம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் எழுதிய சதுரங்கப் புரோகிராமுக்கு அண்ணி வைத்த பெயர் ‘தீனிப்பண்டாரம்’. எங்கோ மூலையில் நிற்கும் சிப்பாயை விழுங்கலாம் என்று ராணியை ஊர்சுற்ற அனுப்பும். கிட்டே போன பிறகுதான் அதற்குக் காவல் இருப்பது தெரிந்து அசடு வழியத் திரும்பும். போட்டிகளில் கோப்பை வாங்கிய அண்ணி, அதற்குள் ராஜாவைச் சுற்றி வளைத்திருப்பாள்.

“பாவம், கண்ணுல படுறதெல்லாம் தீனியா தெரியுது அதுக்கு!” என்று அண்ணி சிரித்தாள்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆட்டங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து மேய்ந்தாள். விஷயம் பிடிபட்டது. புரோகிராம் ஐந்து நகர்த்தல் வரை பார்த்துவிட்டுக் கணக்கை மூடிவிடுகிறது. ஐந்தாவதில் ராணி சிப்பாயை வெட்டினால் அதற்கு ஒரே கொண்டாட்டம். ஆறாவதில் ராணி வெட்டுப்படுவதைப் பார்ப்பதே இல்லை.

“அண்ணி, பாதிச் சண்டையில கண்ணை மூடிக்குது. வெட்டோ செக்கோ பாக்கி இருக்கிற வரைக்கும் மூடக்கூடாதுன்னு எழுதப்போறேன்.”

எழுதினாள். புரோகிராம் நத்தையாக நகர்ந்தது. ஐந்தை நாலாகக் குறைத்தாள்.

“போட்டிக்குப் போற நேரத்துல பார்வையைக் குறைக்கிறியே, புத்தி கெட்டுப்போச்சா?” என்றான் அண்ணன்.

“நாலு போதும். பாருங்க.”

புரோகிராம்களுக்கான போட்டி ஒரு நூலக மாடியில் நடந்தது. எதிரே இரண்டு பொறியாளர்கள். அவர்களுடைய கணினி இவளுடையதைவிட இரண்டு மடங்கு வேகம். ஆட்டம் சூடுபிடித்த நேரத்தில் திரையில் வந்த நகர்த்தலைப் பார்த்து அண்ணன் வெலவெலத்துப் போனான். ராணியைக் கொடுத்து வெறும் குதிரையை வெட்டச் சொன்னது புரோகிராம்.

“கோளாறு! நிறுத்தச் சொல்லு!”

“கோளாறா இருந்தா அது என்னோட கோளாறு. நகர்த்துறேன்.”

பொறியாளர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவர்களுடைய சிப்பாய் இவள் ராணியை வெட்டியது. இவள் குதிரை ஒரு சிப்பாயை வெட்டி, ராஜாவுக்குச் செக் வைத்தது. அதே இடத்திலிருந்து அவர்கள் ராணியையும் குறிவைத்தது. ராஜா நகர்ந்தது, ராணி போயிற்று. அவர்களுடையதும் பாதிச் சண்டையில் கண்ணை மூடும் வகை. தூசி அடங்கியபோது இவளிடம் ஒரு குதிரை, ஒரு சிப்பாய் அதிகம்.

அண்ணி அவள் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். “அடிப்பாவி! எனக்கே தோணலையே!”

சற்று நேரத்தில் பொறியாளர்கள் தோல்வியை ஒப்புக்கொண்டு கைகொடுத்தார்கள்.

கடைசிச் சுற்றில் தோற்றாள். பலகையில் காய்கள் குறைந்த பிறகு வெளியே வந்து சண்டை போட வேண்டிய இவள் ராஜா பயந்தாங்கொள்ளியாய் மூலையிலேயே பதுங்கிக் கிடந்தது. மூன்றாம் இடம். அண்ணன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான். அவளோ திரும்பும் ரயிலில் ஏறியதுமே சின்னப் பலகையை மடியில் விரித்தாள்.

“அண்ணி, ராஜா எப்போ வெளிய வரணும்னு நீங்க எதை வெச்சு முடிவு பண்றீங்க? சும்மா தோணும்னு சொல்லக்கூடாது. எனக்குக் கணக்காச் சொல்லணும்.”

“மூச்சு விட விடுடி!” என்றாள் அண்ணி, காய்களை அடுக்கிக்கொண்டே.