பார்க்காத எட்டு நிமிடங்கள்

மூன்று மாதப் பயிற்சியின் கடைசி வாரத்தில்தான் அவளுக்கு முதல் கண்காணிப்பு வேலை கிடைத்தது. அதுவரை அந்தத் துப்பறியும் நிறுவனத்தில் அவள் செய்ததெல்லாம் பழைய கோப்புகளைத் தேதிவாரியாக அடுக்கியதும், புகைப்படங்களின் பின்புறம் எண் இட்டதும்தான். வேலை நிரந்தரமாவது இந்த ஒரு வழக்கைப் பொறுத்திருந்தது. தவறினால், அண்ணனின் அச்சகத்தில் ரசீதுப் புத்தகம் தைக்க வேண்டியதுதான்.

“வாங்க துப்பறியும் சிங்கமே! என் சீப்பை ரெண்டு நாளாக் காணோம். முதல்ல அதைக் கண்டுபிடிங்க, அப்புறம் ஊரைக் காப்பாத்தலாம்” என்று வீட்டு வாசலிலேயே வரவேற்றாள் அண்ணி.

“உங்க கொண்டையிலேயே இருக்கு அண்ணி.”

அண்ணன் சிரித்த சிரிப்பில் அண்ணி அன்று முழுவதும் அவனுடன் பேசவில்லை.

ஒரு மருந்துக் கிடங்கிலிருந்து பெட்டிகள் காணாமல் போய்க்கொண்டிருந்தன. உரிமையாளர் நிறுவனத்தை நாடியிருந்தார். முன்வாசலைக் கண்காணிக்க இருபது ஆண்டு அனுபவமுள்ள மூத்தவர் ஒருவர். அலுவலகத்தில் அவருக்குக் கழுகு என்று பெயர். பின்வாசலுக்கு இவள், எதிரே இருந்த சைக்கிள் கடை மாடியில். காலை எட்டு முதல் பிற்பகல் இரண்டு வரை.

பன்னிரண்டு நாற்பதுக்குக் கிடங்கு மேலாளரின் காரில் அவருடைய மைத்துனர் மூன்று பெட்டிகளை ஏற்றினார். மேலாளரே கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் எடுத்த படத்தில் குறுக்கே சென்ற வேன்தான் விழுந்திருந்தது. ஆகவே, அவளுடைய சொல் ஒன்றே சாட்சி.

அறிக்கையைப் படித்த துப்பறியும் நிறுவனத்தின் முதலாளியம்மாள் ஒரு வரியைச் சிவப்பு மையால் வட்டமிட்டார்: “11.10 முதல் 11.18 வரை கழிப்பறைக்குச் சென்றிருந்தேன். அந்நேரத்தில் வாசலைப் பார்க்கவில்லை.”

கழுகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “நல்லவேளை, ஒண்ணுக்கா ரெண்டுக்கான்னு எழுதல! ‘ஆறு மணி நேரமும் கண்ணெடுக்காமல் பார்த்தேன்’னு ஒரே வரி போதும்மா. இருபது வருஷமா நான் அப்படித்தான் எழுதுறேன்.”

“இதை எடுத்துடு” என்றார் முதலாளியம்மாள். “எதிர்த்தரப்பு வக்கீல் இதைப் பிடிச்சுக்கிட்டே தொங்குவார்.”

“பார்க்காததைப் பார்த்தேன்னு எப்படி எழுதுறது மேடம்?”

“சரி, இருக்கட்டும். இதனால கேஸ் கவிழ்ந்துச்சுன்னா, திங்கட்கிழமை நீ வர வேண்டாம்.”

அப்படியும் அந்த வரியை அவள் எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை கிடங்கின் கூட்ட அறையில், உரிமையாளர் நியமித்த அதிகாரி ஒருவர் முன் விசாரணை நடந்தது. மேலாளர் வக்கீலோடு வந்திருந்தார். முதலில் கழுகை அழைத்தார்கள்.

“ஆறு மணி நேரமும் கண்ணெடுக்கவே இல்லையா?” என்றார் வக்கீல்.

“இல்லை.”

வக்கீல் சில படங்களை மேசைமேல் வைத்தார். எதிர்க்கடைக் கேமராவில் பதிவானவை. பதினொன்றரை முதல் பன்னிரண்டு வரை, குழாய் ஏற்றிய லாரியொன்று முன்வாசலை முழுவதுமாக மறைத்து நின்றிருந்தது.

“லாரியைத் துளைச்சுக்கிட்டுப் பார்த்தீங்களோ?”

கழுகு படங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விசாரணை அதிகாரி அவருடைய அறிக்கை முழுவதையும் ஒதுக்கி வைத்தார்.

அதே உற்சாகத்தோடு வக்கீல் இவள் பக்கம் திரும்பினார். “நீயாவது கண்ணைச் சிமிட்டினியாம்மா?”

“எட்டு நிமிஷம் பார்க்கவே இல்லை சார். ரெண்டாம் பக்கம், மூணாவது வரி.”

அவர் பக்கத்தைப் புரட்டினார். புன்னகை பாதியில் நின்றது.

“அந்த எட்டு நிமிஷத்துல என்ன நடந்துச்சு?”

“தெரியாது சார்.”

“சும்மா ஒரு ஊகமாச் சொல்லேன்.”

“ஊகம் எதுக்கு சார்? பன்னிரண்டு நாப்பதுக்கு நடந்ததைக் கேளுங்க. பார்த்ததையே சொல்றேன்.”

சொன்னாள்: மைத்துனரின் கிழிந்த சட்டைக் கை, மேலாளர் கதவைப் பிடித்த இடது கை, பின்னால் இடமின்றி முன் இருக்கைக்குப் போன மூன்றாவது பெட்டி. வக்கீல் தம் கோப்பை மூடி வைத்தார்.

“தனக்குப் பாதகமானதையே மறைக்காதவங்க, மத்ததைக் கூட்டிச் சொல்ல மாட்டாங்க” என்ற அதிகாரி, மைத்துனரை அழைத்துவர ஆள் அனுப்பினார். கால்மணி நேரத்தில் மைத்துனர் எல்லாவற்றையும் கக்கிவிட்டார். காணாமற்போன பெட்டிகள் மேலாளர் வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில், ஒரு பழைய மெத்தையின் அடியில் இருந்தன.

நியமனக் கடிதத்தை முதலாளியம்மாள் தெருவிலேயே, காரின்மேல் வைத்துக் கையெழுத்திட்டார். பாராட்டாக ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனால், திங்கட்கிழமை அலுவலகத்தின் எல்லா அறிக்கைப் படிவங்களிலும் ‘பார்க்காத நேரம்’ என்றொரு புதிய கட்டம் இருந்தது.

கழுகு தம் நாற்காலியை இழுத்துக்கொண்டு அவள் மேசைக்கு வந்தார்.

“இந்தக் கட்டத்துல என்ன எழுதணும்னு கொஞ்சம் காட்டும்மா.”

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“முதல்ல மணியை எழுதுங்க சார். காரணத்தை அப்புறம் பார்ப்போம்.”