காதுக்கு வராத நரி

எங்கள் அகராதி அலுவலகத்தில் தலைமைப் பதிப்பாசிரியருக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயர் ‘சான்று’. அச்சில் சான்று காட்டாவிட்டால் தன் பெயரைக்கூட அகராதியில் சேர்க்க மாட்டார்.

என் மேசைக்கு வந்த சொல் ‘கர்ண பரம்பரைக் கதை’. கர்ணம் என்றால் வடமொழியில் காது. பரம்பரை, ஒன்றன்பின் ஒன்றாக வருவது. ஒருவர் சொல்ல ஒருவர் கேட்டு, எழுதாமலே தலைமுறை தாண்டும் கதை. ஐந்தே நிமிடத்தில் அட்டையில் எழுதிவிட்டேன்.

“முதமுதல்ல எந்தப் புஸ்தகத்துல வந்துச்சு? அதைப் பிடிங்கம்மா,” என்றார் சான்று.

நூலகத்தின் நிலவறையில் மூன்று வாரம் பழைய தாள்களோடு மாரடித்தேன். அந்த மூன்று வாரமும் அக்கா ஆஸ்பத்திரியில் கிடந்தாள். தொண்டையில் கட்டி; குரல்வளையை எடுக்க நாள் குறித்திருந்தார்கள். அம்மா போனபோது எனக்கு ஒரு வயது, அக்காவுக்கு எட்டு. இரண்டாம் வகுப்போடு நின்றுவிட்டு என்னை வளர்த்தவள். கையெழுத்துக்கு மேல் எழுத வராது.

“அம்மா சொன்ன நரிக் கதை என்கிட்டதான்டி இருக்கு. போன்ல குரல் எடுபடல. நேர்ல வந்து கேட்டுக்கோ,” என்றாள்.

“ஞாயித்துக்கிழமை வரேன்க்கா. புஸ்தகம் சிக்கிரும்போல இருக்கு.”

ஒவ்வொரு வாரமும் இதையே சொன்னேன். காதால் கேட்பது என்று என் கையாலேயே எழுதிவிட்டுக் கரப்பான்பூச்சியோடு போட்டி போட்டுக் காகிதம் தின்ற என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஒரு பழைய நூலின் முன்னுரையில் சொல் கிடைத்தது. அன்று மாலையே ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

“திடீர்னு ரத்தம் வந்துச்சு. காலையிலயே ஆபரேஷன் பண்ணிட்டாங்க. உங்களுக்கு எத்தனை தடவை போன் பண்றது?” என்றாள் நர்ஸ். நிலவறையில் போன் எடுக்காது.

ஐந்தாம் நாள் அக்கா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தாள். என்னைக் கிட்டே இழுத்தாள். கதையைத் தொடங்கிவிட்டாள் என்று கண்ணைப் பார்த்ததும் தெரிந்தது. உதடு வேகமாக ஓடியது. கழுத்துக் குழாயில் காற்று மட்டும் சீறியது. விரல்களைக் குவித்து நரியின் மூக்கைக் காட்டினாள். அதற்குமேல் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. காதை அவள் வாயோடு ஒட்டவைத்தும் பயனில்லை.

ஓர் இடத்தில் நிறுத்தி என் முகத்தையே பார்த்தாள். சிரிக்க வேண்டிய இடம் போலும் என்று சிரித்தேன்.

அக்காவின் கண் நிறைந்துவிட்டது. குவித்த விரல்களை மெத்தையில் துவண்டு விழவிட்டுக் காட்டினாள். நரி செத்த இடம் அது. அவள் வாயை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.